கரையான் குடியிருந்த மண்

எந்த மண்ணில் எறும்பு பிழைக்கும் என்று தணிகைவேலைவிட உறுதியாகச் சொல்லக்கூடிய ஆள் பம்மல் முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டான். எதில் சாகும் என்று தெரிந்தவனுக்கு எதில் பிழைக்கும் என்று தெரியாதா என்ன. வீடு கட்டத் தோண்டிய குழியில் கரையான் மருந்து அடிப்பதும், கட்டி முடித்த வீட்டில் சுவரும் தரையும் சேருகிற இடத்தில் வரிசையாகத் துளை போட்டு மருந்து இறக்குவதும்தான் அவன் தொழில். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அதுதான். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் ஹால் மேஜையின் முன்னால் உட்கார்ந்து மூன்று பாட்டில் மூடிகளை மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், ஒன்றில் சுவர் கட்டுகிற லைட்வெயிட் பிளாக் கல்லைச் சுரண்டிய வெள்ளைத் தூள், ஒன்றில் புற்றுமண். மூன்றிலும் சமையல்கட்டில் சர்க்கரை வைத்துப் பிடித்த சின்னக் கறுப்பெறும்புகளை விட்டிருந்தான். விளிம்பில் முகப்பவுடரை ஸ்பிரிட்டில் குழைத்துத் தடவியிருந்ததால் அவை ஏறப் பார்த்து வழுக்கி விழுந்துகொண்டிருந்தன. ஓடட்டும், நன்றாக ஓடட்டும், ஓடினால்தான் கால் எப்படி இருக்கிறதென்று தெரியும். சாயங்காலத்துக்குள் முடித்துவிட வேண்டும். சுகுணா குழந்தையோடு வந்துவிடுவாள், அப்புறம் இந்த மேஜையில் மண்ணும் தண்ணீருமாக இறைத்துக்கொண்டிருக்க முடியாது. மூன்று மாதத்துக் குழந்தை வீட்டுக்கு வரும் முதல் நாள். வருகிறேன் என்று நேற்று ஃபோனில் சொன்னபோது அவள் குரல் எப்படி இருந்தது என்று யோசிக்க ஆரம்பித்தான், பிறகு நிறுத்திக்கொண்டான். முதலில் எறும்பு.

குடிபோக வேண்டியவை மேஜையின் மறுகோடியில், சிவப்புக் காற்றாடித் தாள் சுற்றிய கண்ணாடிக் குழாய்க்குள் இருந்தன. ஒரு ராணி, இருபதுக்கு மேல் வேலைக்காரக் கட்டெறும்புகள், அரிசிபோல் கூட்டுப்புழுக்கள் ஒரு குவியல். எறும்புக் கண்ணுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, அதற்கு அது இருட்டு. குழாயின் அடியில் தண்ணீர், அதை அடைத்த பஞ்சு, பஞ்சுக்கு இந்தப் பக்கம் குடித்தனம். பஞ்சில் கறுப்புப் புள்ளிகள் விழ ஆரம்பித்து ஒரு வாரமாகிறது. பூஞ்சை. அது குட்டிகளை எட்டுவதற்கு முன்னால் மாற்றியாக வேண்டும். போன ஐப்பசி மழையில் பொழிச்சலூர்ப் பக்கம் ஒரு அடுக்குமாடி வீட்டிலிருந்து ஃபோன் வந்தது, பால்கனி முழுக்க இறக்கை முளைத்த எறும்பு, உடனே வந்து அடிங்க என்று. அடிக்கத்தான் போனான். அடிக்கவும் அடித்தான். ஆனால் கைப்பிடிச் சுவரின் வெளிப்பக்கம் மருந்து படாத இடத்தில் ஒருத்தி தன் இறக்கைகளைக் காலால் நெம்பி நெம்பித் தானே கழற்றிக்கொண்டிருந்தாள். ஒன்று விழுந்தது, இன்னொன்று விழுந்தது, அப்புறம் இறக்கை என்று ஒன்று இருந்ததே நினைவில்லாதவள் மாதிரி விறுவிறுவென்று நடந்தாள். அவன் மாத்திரை டப்பாவைக் காலி செய்து அவளைப் பிடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். முந்தின நாள்தான் வளைகாப்பு முடிந்து சுகுணாவை வந்தவாசிக்கு, அவள் அம்மா வீட்டுக்கு, அனுப்பியிருந்தான். பூட்டைத் திறந்து உள்ளே போனால் ஃபேன் சத்தம்கூடக் கேட்காத வீடு. அதுதான் காரணமாக இருக்கும். இல்லாவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது. குழாய் எங்கே வாங்குவது, தேன் எவ்வளவு தொடுவது, முதல் முட்டைகள் பொரிக்கும்வரை ராணியைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பதெல்லாம் செல்போனில் பார்த்துப் படித்தான். கொல்லுகிற விஷயம் ஒன்றும் அதில் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பிளாஸ்டர் மூடியில் ஒன்று வட்டமடித்தது. இடது பின்னங்காலை இழுத்துக்கொண்டு ஒரே பக்கமாகச் சுற்றியது, நின்றது, மீசையைத் துடைத்தது, மறுபடி சுற்றியது. தணிகைவேல் குனியவில்லை, குனிந்து பார்க்கத் தேவையே இல்லை. முதலில் பின்னங்கால், அப்புறம் தலை ஒருபக்கம் சாயும், அப்புறம் மல்லாந்து ஆறு காலும் ஆகாயத்தில் எதையோ பின்னும். ஆயிரம் தடவை பார்த்தாயிற்று. அவன் மூடியை அப்படியே எடுத்துப் பாலிதீன் பையில் போட்டு முடிந்தான். பிளாஸ்டரில் தப்பே இல்லை, நல்ல சரக்கு, ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், கத்தியால் அறை அறையாகக் குடையலாம். ஆனால் ஹார்டுவேர் கடையில் மூட்டையைப் பிரித்து லூஸில் விற்கிறவன், அதே கரண்டியால்தான் பக்கத்து மூட்டையிலிருந்து எறும்புப் பொடியையும் அள்ளிக் கொடுக்கிறான். வாங்கும்போதே சந்தேகம், இருந்தாலும் சோதித்துப் பார்த்துவிட்டால் மனசுக்கு நிம்மதி. சோதிக்காமல் எதையும் நம்பக்கூடாது. கூட வேலை செய்த பாஷா பாய் எதையும் சோதித்ததில்லை. மருந்தைத் தண்ணீரில் கலக்கக் குச்சி கிடைக்காவிட்டால் கையையே விட்டுக் கலக்குவார், அந்தக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு பீடி பற்றவைப்பார், கேட்டால் இது பூச்சிக்குத்தான்டா, நமக்கு ஒண்ணும் பண்ணாது என்று சிரிப்பார். போன வருஷம் அவர் வீட்டுக்குப் போனபோது டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தும் தட்டில் சிந்தியது. சர்க்கரை வியாதி, அதனால் நடுக்கம் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னார். தணிகைவேலும் நம்பினான். பஸ்ஸில் திரும்பி வரும்போது மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்த கையைக் கடைசிவரை எடுக்கவில்லை. சரி, அது பாஷா பாய். இவன் வேறு. கையுறை போடாமல் மருந்து கேனைத் தொட்டதில்லை. யூனிபார்மை வீட்டுக்குள் கொண்டுவந்ததில்லை, மாடிப்படி கிரில்லில் பையில் கட்டித் தொங்கவிட்டு, வாசலிலேயே துண்டு கட்டிக்கொண்டு நேராகக் குளியலறை. சீயக்காய், எலுமிச்சை, சோப்பு. இவன் கை நடுங்கியதே கிடையாது. இதோ, இன்றைக்குக் காலையில்கூட மண்ணில் ஸ்பூன் காம்பால் அறை குடைந்திருக்கிறான்.

பிளாக் தூளில் விட்டவை நன்றாகத்தான் ஓடின. தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையான கல், தண்ணீரை உறிஞ்சி மெதுவாகத்தான் விடும், பூஞ்சை பிடிக்காது. எறும்பு வளர்க்கிறவர்கள் பாதிப்பேர் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்தத் துண்டு அனகாபுத்தூர் சைட்டில் மேஸ்திரியிடம் கேட்டு வாங்கியது, அந்தச் சைட்டின் அஸ்திவாரக் குழிக்கு மருந்து அடித்தவன் தணிகைவேல். கல் கீழே கிடந்ததா, லாரியிலிருந்து இறக்கி அப்படியே அடுக்கியதா, மேஸ்திரிக்கு ஞாபகமில்லை. ஞாபகமில்லாத கல் வேண்டாம். அதற்கப்புறம்தான் மண் என்று முடிவு செய்தான். மண் என்றால் எந்த மண். போன வாரம் வண்டியை எடுத்துக்கொண்டு மண் தேடிப் போனபோதுதான் அது அவனுக்கு உறைத்தது. பம்மலில் அண்ணா சாலை முனையில் அந்த மூன்று மாடி வீடு, அடித்திருக்கிறான். எதிரே கல்யாண மண்டபம், அடித்திருக்கிறான். குரோம்பேட்டைப் பள்ளிக்கூடத்துப் புதுக் கட்டிடம், பொழிச்சலூர் மனைப்பிரிவு முழுக்க, திருநீர்மலை அடிவாரத்து வில்லாக்கள், அடித்தாயிற்று, அடித்தாயிற்று, உத்தரவாதக் கார்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று. பத்து வருஷத்துக்குக் கரையான் வராது சார், நான் கேரண்டி. இந்தப் பக்கத்து ஜனம் பாதிப்பேர் அவன் போட்ட மருந்துக்கு மேலேதான் படுத்துத் தூங்குகிறார்கள். வண்டியை ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் நின்றான். பெருமையாகவும் இருந்தது, இத்தனையுமா என்றும் இருந்தது. எங்கே மருந்தில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது. அப்போது பளிச்சென்று தோன்றியது: கரையான். கரையான் உயிரோடு நடமாடுகிற இடம்தான் சுத்தமான மண். அதைவிடப் பெரிய சர்டிபிகேட்டை எந்த லேப்பும் தரமுடியாது. இத்தனை வருஷம் கரையானைக் கண்டால் மருந்தெடுத்தவன், கரையானைத் தேடிக்கொண்டு ரயில்வே நிலத்தோரமாக நடந்தான். முதல் புற்று வேப்பமரத்தடியில் ஆளுயரத்துக்கு இருந்தது, மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள், சுற்றிலும் முட்டை ஓடுகள் கிடந்தன. கும்பிட்டுவிட்டுத் தள்ளிப் போனான். அங்கே கைவைக்கிற தைரியம் அவனுக்கில்லை. கருவேல முள்ளுக்குள் இன்னொன்று, முழங்கால் உயரம், யாரும் கண்டுகொள்ளாதது. ஓரத்தை லேசாக உடைத்தான். உடைந்த ஓட்டைக்குள் வெள்ளை வெள்ளையாக ஓடின, கொஞ்ச நேரத்தில் எச்சில் குழைத்த மண்ணைக் கொண்டுவந்து அடைக்க ஆரம்பித்தன. ரொம்ப நாளைக்கப்புறம் கரையானைப் பார்த்துச் சிரித்தான். அடியில் உதிர்ந்து கிடந்த கட்டிகளை மட்டும் புதுத் துணிப்பையில் அள்ளிக்கொண்டு வந்தான்.

வந்த மண்ணை இடித்து, சலித்து, தோசைக்கல்லில் போட்டு வறுத்தான், உள்ளே ஒளிந்திருக்கிற உண்ணி, பூஞ்சை எல்லாம் போகட்டுமென்று. தோசைக்கல்லைச் சுகுணா பார்த்தால் தீர்ந்தது. நாலு தடவை விளக்கித் தேங்காயெண்ணெய் தடவி மாட்டிவிட்டான், இருந்தாலும் அவள் மோப்பம் பிடித்துவிடுவாள். கண்ணாடிக் கடையில் அளவு சொல்லி வெட்டிய இரண்டு கண்ணாடிகளை இரண்டு விரல் இடைவெளியில் ஒட்டி, நடுவில் அந்த மண்ணைப் பிசைந்து திணித்து, ஸ்பூன் காம்பால் நாலு அறையும் அவற்றை இணைக்கிற வழியும் குடைந்து, ஒரு ஓரத்தில் ஸ்பாஞ்சுத் துண்டு வைத்து அதில் மட்டும் தண்ணீர் விட்டான். அந்தப் பக்கம் ஈரம், இந்தப் பக்கம் வரவரக் காய்ந்த மண். முட்டைக்கும் குட்டிக்கும் ஈரம் வேண்டும், கூட்டுப்புழுவுக்குக் காய்ந்த இடம் வேண்டும், எதை எங்கே வைப்பதென்று அவை பார்த்துக்கொள்ளும். மூன்றாவது மூடியில் விட்ட கறுப்பெறும்புகள் வறுத்த புற்றுமண்மேல் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன, ஒன்றுகூடத் தடுமாறவில்லை. பிரச்சினை தீர்ந்தது. மேஸ்திரிகள் மட்டம் பார்க்கிற தெளிவான பிளாஸ்டிக் குழாயில் புதிதாக ஒரு சாண் வாங்கி வைத்திருந்தான், அதன் ஒரு முனையைக் கண்ணாடிக் கூட்டின் ஓட்டையில் செருகினான், மறுமுனையைக் கண்ணாடிக் குழாயோடு சேர்க்கப் போனான், சேர்க்கப் போன கையைப் பார்த்தான். நகக்கண்ணில் மண். பிசைந்தது இந்தக் கைதான். மூடியில் சோதித்தது வறுத்த மண், கை படாதது. கூட்டுக்குள் இருப்பது பிசைந்த மண். சப்பாத்தி மாவு மாதிரி, உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி, எதையோ முணுமுணுத்துக்கொண்டு பிசைந்திருக்கிறான். கம்பெனிக் கையுறை கூடாது என்று எடுத்து வைத்தவன், வெறுங்கையைப் பற்றி நினைக்கவே இல்லை. பம்மல் முழுக்க நல்ல மண் தேடி அலைந்துவிட்டு, கடைசியில் இந்தக் கையால்.

இதே கைதான். பிரசவத்தன்றைக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் துணியில் சுற்றிய குழந்தையை நீட்டினாள், பிடிங்க அப்பா என்று. சொன்ன தேதிக்கு முன்னாலேயே வலி வந்து, சைட்டிலிருந்து யூனிபார்மோடு பஸ் பிடித்து வந்தவன், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். கை சுத்தமில்ல சிஸ்டர். கழுவிட்டு வாங்க, ஓடியா போயிடப்போறா என்று அவள் சிரித்தாள். வராந்தாக் குழாயில் கழுவினான், முகர்ந்தான், கழுவினான், முகர்ந்தான், மருந்தின் மண்ணெண்ணெய் வாடை போகவே இல்லை, இருந்ததா இல்லையா என்றுகூட இப்போது சொல்லமுடியாது. திரும்பி வந்தபோது குழந்தை பால் குடித்துத் தூங்கிவிட்டிருந்தது. அடுத்த தடவை போனபோது சளி பிடித்திருக்கிறது என்றான், அதற்கடுத்த தடவை பஸ்ஸில் வந்த தூசி. ஒவ்வொரு தடவையும் தொட்டிலுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, அவள் கொட்டாவி விடுவதை, காற்றில் எதையோ உதைப்பதை, மூக்கைச் சுருக்குவதை, கண்ணெடுக்காமல் பார்த்துவிட்டு வருவான். போன மாதம் அத்தை, சுகுணாவின் அம்மா, காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டார்கள்: "பொட்டப்புள்ளன்னா தூக்கக்கூடாதுன்னு உங்க பக்கத்துல வழக்கமா மாப்ள?" அறைக்குள் சுகுணா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தது கதவிடுக்கில் தெரிந்தது. சொல்லியிருக்கலாம். அதெல்லாம் இல்லைங்க அத்தை, கையில் மருந்து இருக்குமோ என்று பயமாக இருக்கிறது என்று ஒரு வாக்கியம், அவ்வளவுதான். ஆனால் ஏழு வருஷமாக அந்த வீட்டில் உட்கார்ந்து, இப்ப வர்ற மருந்தெல்லாம் ஒண்ணுமே பண்ணாது, குடிச்சாக்கூட வயித்துவலிதான் வரும் என்று அளந்துவிட்டவன் அவன்தானே. அந்த வாய் இந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டால், அப்புறம் திங்கட்கிழமை காலையில் கேனைத் தூக்கிக்கொண்டு எப்படிப் போவான். நேற்று ஃபோனில், நான் கார் வெச்சிக்கினு வந்து கூட்டியாரேன் என்றதற்குச் சுகுணா, வேணாம், தம்பி கொண்டாந்து விட்டுருவான் என்றாள். வேணாம் என்பதை மட்டும் கொஞ்சம் முன்னாலேயே சொல்லிவிட்டாள், அவன் முடிப்பதற்குள்.

சரி, யோசிப்போம், பதறாமல் யோசிப்போம் என்று தணிகைவேல் நிமிர்ந்து உட்கார்ந்தான். பதறுவது அவன் சுபாவம் இல்லை. பிசைந்ததில் மிச்சமிருந்த மண்ணுருண்டையை எடுத்து அதன்மேல் நாலு கறுப்பெறும்பை விட்டான். ஓடின. கால் ஆறும் சரியாக வேலை செய்தது. ஆனால் இது போதாது. பழைய மருந்து பட்ட இடத்திலேயே சுருட்டிப் போடும், இப்போது வருகிறது அப்படி இல்லை, பட்டதே தெரியாது, கரையான் பாட்டுக்கு வீட்டுக்குப் போகும், சாப்பிடும், கூட இருப்பதை நக்கிக்கொடுக்கும், குட்டிக்கு ஊட்டும், எல்லாருக்கும் தடவிவிட்ட பிறகு நாலாம் நாள் மொத்தமாக விழும். அதுதான் இந்த மருந்தின் சாமர்த்தியம் என்று எத்தனை வீட்டில் விரல் மடக்கி விளக்கியிருக்கிறான். அப்படியானால் இந்த நாலு எறும்பு ஓடுவதை வைத்து என்ன சொல்லமுடியும். ஒன்றும் சொல்லமுடியாது. ஆனால், இதோ, இதுதான் பாயிண்டு, ராணியைக் கொண்டுவந்தது யூனிபார்ம் சட்டைப்பையில். ஐப்பசியிலிருந்து தினமும் தேன்துளியைத் தீக்குச்சியில் தொட்டு வைத்தது இந்தக் கை. கரப்பானின் காலைக் கிள்ளிப் போட்டது இந்தக் கை. கையில் மருந்து இருந்தால் மார்கழியிலேயே குழாய் காலியாகியிருக்கும். இருபது பேர் இருக்கிறார்களே. பூஞ்சையைத் தவிர அங்கே ஒரு குறையும் இல்லையே. கணக்கு நேராக இருந்தது, கோர்ட்டில் வைத்தாலும் நிற்கும். புத்தி ஒப்புக்கொண்டது. கை மட்டும் மேஜைமேல் மல்லாந்து, நான் இதற்கு உடன்படவில்லை என்பதுபோலக் கிடந்தது. அவன் கறுப்பெறும்பு ஒன்றைக் குச்சியில் ஏற்றி உள்ளங்கையில் இறக்கிவிட்டான். அது கட்டைவிரல் மேட்டில் ஏறியது, ஆயுள்ரேகையில் இறங்கியது, துளைபோடும் மெஷினைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன இடத்தில் நின்று மீசையை ஆட்டியது, கூசியது, அசையாமல் இருந்தான். மோதிரவிரல் வழியாக நகம்வரை போய் அங்கிருந்து வேறு போக்கிடமில்லாமல் திரும்பி வந்து மணிக்கட்டில் சுள்ளென்று ஒரு கடி கடித்தது. கடிக்காத எறும்பு என்று பேர், கடிக்கிற தெம்பிருக்கிறது. தணிகைவேல் அதை ஊதித் தள்ளினான், குழாய் இரண்டையும் சேர்த்தான், சேர்ந்த இடத்தில் டேப் சுற்றினான், குழாய்மேல் இருந்த சிவப்புத் தாளை உருவிவிட்டான். வெளிச்சம் பட்டதும் உள்ளே பரபரத்தன. கண்ணாடிக் கூட்டின்மேல் அந்தத் தாளைப் போர்த்தினான். இங்கே இருட்டு, இங்கே ஈரம், வாங்க. ஒரு வேலைக்காரி பிளாஸ்டிக் குழாய்வரை வந்தாள், எட்டிப் பார்த்தாள், திரும்பிப் போய்விட்டாள். இன்னொருத்தி பாதி வழி வந்தாள். ராணி அசையவே இல்லை. வரும், வராமல் எங்கே போகும், பூஞ்சை பிடித்த வீட்டில் யார் இருப்பார்கள். ஆனாலும் அவன் மூச்சு விடுவதைக் குறைத்துக்கொண்டான். கீழே கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

மேலே வருகிற செருப்புச் சத்தம் ஒன்றுதான் கேட்டது. கார் கிளம்பிப் போய்விட்டது. மச்சான் மாடிக்கு வரவில்லை, எப்போதும் ஒரு வாய்த் தண்ணீராவது குடித்துவிட்டுப் போகிறவன். தணிகைவேல் எழுந்து, குளியலறைக்குப் போவதா கதவைத் திறப்பதா என்று நடுவில் நின்று, கதவைத் திறந்தான். சுகுணா கடைசிப் படியில் இருந்தாள். இடது தோளில் குழந்தை, வலது தோளில் பெரிய பை, முழங்கையில் இன்னொரு பை, அது நழுவிக்கொண்டிருந்தது. முகம் இளைத்திருந்தது. அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

"புடிங்க."

"தோ, கை கழுவிக்கினு—"

"புடிங்கன்றேன்ல, பை வுழுது!"

அவன் ஒரு அடி பின்னால் வைத்தான். அவள் முன்னால் வந்தாள். பை நழுவி விழுந்தது, அதிலிருந்து ஃபிளாஸ்க்கோ பவுடர் டப்பாவோ ஏதோ ஒன்று உருண்டு படிப்படியாக இறங்கியது, அதே நொடியில் அவள் குழந்தையை அவன் மார்பில் வைத்து அழுத்திவிட்டுத் திரும்பிப் படியிறங்கிப் போய்விட்டாள். கை தானாக ஏந்தியது. ஒன்று முதுகில், ஒன்று தலைக்குக் கீழே. மண் ஒட்டிய விரல்கள் அந்த மயிர்க்கற்றைக்குள் இருந்தன. சூடு. மருந்து கேனில் பாதிகூடக் கனமில்லை, தோள்பட்டை கடுக்கிற அளவுக்குக் கனம். அவன் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை, நிலைப்படியிலேயே நின்றான். குழந்தை முகத்தை அவன் பனியனில் இப்படியும் அப்படியும் தேய்த்து, பால் இல்லை என்று தெரிந்ததும் பனியனையே பிடித்துச் சப்ப ஆரம்பித்தது. கீழே எதுவோ இன்னும் உருண்டுகொண்டிருந்தது. அவள் திரும்பி வந்தபோது அவன் அப்படியே நின்றுகொண்டிருந்தான், கன்னத்தில் வழிவதைத் துடைக்கக் கையில்லாமல்.

"இன்னாச்சு?" என்றாள் சுகுணா. பயந்துவிட்டாள். "ஏங்க, இன்னாச்சு?"

"கையில மருந்து இருக்கும்டி."

"எங்க? இப்பவா? இன்னைக்கி வேலைக்கா போனீங்க?"

"இன்னைக்கி இல்ல. எப்பவும். கழுவுனாலும் போவாது. அதான் தூக்கல. ஆஸ்பத்திரிலயும் அதான். எப்பவும் அதான்."

அவள் பைகளைக் கீழே வைத்தாள். பிறகு அவன் புஜத்தில் ஓங்கி ஒரு அடி வைத்தாள், குழந்தை படாத பக்கம் பார்த்து.

"இதயா மனசுல வெச்சிக்கினு இருந்தீங்க மூணு மாசமா? எங்கம்மா இன்னா சொல்லிச்சி தெரியுமா? என் தம்பி இன்னா சொன்னான் தெரியுமா? பொண்ணு பொறந்துச்சின்னு மூஞ்சத் திருப்பிக்கிற ஆளாண்ட இன்னாத்துக்குப் போறன்னு வழியெல்லாம் கேட்டுக்கினே வந்தான். நானும் பதில் சொல்லாமத்தான் வந்தேன். ஒரு மாசம் பாக்கறது, இல்லன்னா திரும்பிடறதுன்னு துணிகூடக் கொஞ்சமாத்தான் எடுத்தாந்தேன்."

"சொல்லணும்னுதான்..."

"மசக்கையில அஞ்சு மாசம் எனக்கு எதுவும் உள்ள தங்கல. ஞாபகம் இருக்குதா? தண்ணி குடிச்சாலும் வாந்தி. நீங்க ரசஞ்சோத்தப் பிசைஞ்சி உருட்டி வாயில வெச்சாத்தான் நின்னுது. இந்தக் கையாலதான வெச்சீங்க? அதத் தின்னுதான இவ வளந்தா? அப்ப எங்க போச்சி உங்க மருந்து?"

அவன் அதை யோசித்ததே இல்லை. எறும்பை, மண்ணை, பாஷா பாயை, மார்கழியை, நாலாம் நாளை எல்லாவற்றையும் யோசித்தவன், வேலையிலிருந்து வந்து குளித்து, ஈரத் தலையோடு சோற்றை உருட்டிக் கொடுத்த அத்தனை ராத்திரிகளையும் எப்படி மறந்தான் என்று விளங்கவில்லை. அவள் ஒவ்வொரு உருண்டைக்கும் போதும் போதும் என்பாள், அப்புறம் வாயைத் திறப்பாள். அப்படியென்றால் அந்த வேலை நல்ல வேலை என்று ஆகிவிடுமா, பாஷா பாயின் கை நடுக்கம் நிற்குமா, அதெல்லாம் வேறு. அதை நாளைக்குப் பார்க்கலாம், சூப்பர்வைசரிடம் மருந்து தொடாத வேலை, மனையை அளவெடுக்கப் போகிற வேலை கேட்கலாம், கேட்டால் கொடுப்பான், கொடுக்காவிட்டால் வேறு இடம். இப்போது இந்தத் தலை அவன் உள்ளங்கைக்குச் சரியாக இருந்தது.

"உள்ள வாங்க, நெலவாசப்படில நின்னுக்கினு" என்று அவள் அவனைத் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினாள். முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள், பிறகு அதே தலைப்பால் அவன் முகத்தையும். ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். மேஜை, மண், மூடிகள், டேப், கழுவாத தட்டு. மூக்கை உறிஞ்சினாள். "இன்னா கருகல் நாத்தம்? தோசக்கல்லுல இன்னா பண்ணீங்க?"

"மண்ணு வறுத்தேன்."

"தோசக்கல்லுலயா?"

"நாலு தபா விளக்கிட்டேன்."

"விளக்கினீங்களாம்" என்றவள் மேஜைப்பக்கம் போனாள். ஃபோனில் ராணியைக் காட்டியிருக்கிறான், நேரில் அவள் பார்த்ததில்லை. சிவப்புத் தாளின் ஓரத்தைத் தூக்கிக் குனிந்தவள் அப்படியே குனிந்தபடி நின்றாள். தணிகைவேல் ஜன்னலோரம் போய்விட்டிருந்தான். சப்பி ஓய்ந்த குழந்தை கன்னத்தை அவன் தோளில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தது, மூச்சு கழுத்தில் பட்டது.

"ஏங்க, இங்க பாருங்க, வருதுங்க."

"எத்தினி?"

"ரெண்டு... மூணு... ஒண்ணு வாயில வெள்ளையா எதயோ தூக்கினு வருது. ஐய, அரிசி மாதிரி. அதோ பின்னாடி பெருசு. பெருசும் வருது! பாதிக் கொழாயில கீறா. நின்னுட்டா. இல்ல இல்ல, சின்னது ஒண்ணு கொம்பப் புடிச்சி இழுக்குது. வந்துட்டா, மண்ணுக்குள்ள பூந்துட்டா. நீங்க வந்து பாருங்க."

"எந்தப் பக்கம் போறா, ஸ்பாஞ்சு இருக்கற பக்கமா?"

"எனக்கு இன்னா தெரியும். வந்து பாருங்கன்றேன்."

அவன் ஒரு எட்டு எடுத்து வைத்தான். தோளில் இருந்தவள் முனகினாள், விரல்கள் பனியனை இறுக்கின. தணிகைவேல் நின்றுவிட்டான். இருந்த இடத்திலேயே இடமும் வலமுமாக மெதுவாக ஆட ஆரம்பித்தான், யாரும் சொல்லித்தராமல்.

"தூங்கறா" என்றான் கிசுகிசுப்பாக. "நீ பாத்துச் சொல்லு."